அச்சம் இருமுறை பிறக்குமா?

பி. வாசு 2005இல் இயக்கிய ‘சந்திரமுகி’யைக் கண்டு நாம் அஞ்சினோம். பூட்டிய அறையில் இருப்பது ஆவியா, நோயுற்ற மனமா என்னும் ஐயமே அவ்வச்சத்தின் வேர். அவரே 2023இல் அளித்த இரண்டாம் படத்தில் ஆவி வெளிப்படையாக வந்தது. ஐயம் அகன்றது, அச்சமும் உடன் அகன்றது. அறிந்த பேய்க்கு அஞ்சுவார் யார்?

நாம் வாழும் கொல்கத்தாவின் சத்யஜித் ராய், 1969இல் ‘கூப்பி கைன் பாகா பைன்’ படத்தில் பேய்களை ஆடவைத்தார். அதன் தொடர்ச்சியாக 1980இல் ‘ஹீரக் ராஜார் தேஷே’யை எடுத்தபோது, அந்த ஆட்டத்தை மீண்டும் நாடினாரில்லை, குடிகளின் மூளையைக் கழுவும் கொடுங்கோலனைக் காட்டினார். அச்சம் புத்துருக் கொண்டது.

ஊர்விட்டு வந்த நாம் நம் மக்களுக்குப் பாட்டி சொன்ன பேய்க்கதையைச் சொல்லும்போதும் இதனை நினைவிற் கொள்வோமாக: நேற்றைய பேய் இன்று நகைப்பையே தரும், புதியதோர் ஐயமே அவர்களை நம் அருகில் நெருங்கி அமரச் செய்யும்.