ஏமாந்தவர் தலைகுனிய வேண்டாம்



இன்று நான் ஒரு அரசு வக்கீல் அம்மாவைப் பற்றிச் சொல்லப் போகிறேன். பேரு எரின் வெஸ்ட். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம், சாண்டா கிளாரா மாவட்டத்தில் 25 வருஷத்துக்கு மேல் அரசுத் தரப்பில் வழக்கு நடத்தியவர்.

முதலில் சிம் மோசடிக்காரர்களைப் பிடித்தார். போன் கம்பெனியை ஏமாத்தி நம்ம நம்பரைத் தன் சிம்முக்கு மாத்திக்குவான் திருடன். அப்புறம் ஓடிபி எல்லாம் அவனுக்குத்தான் போகும். இப்படி கிரிப்டோ பணம் திருடிய ஒரு வாலிபனுக்கு அந்த மாவட்டத்தில் 2019-ல் 10 வருஷம் ஜெயில் கிடைத்தது.

அடுத்து வந்தது இன்னும் பெரிய மோசடி. 'தெரியாம அனுப்பிட்டேன்'னு ஒரு மெசேஜ் வரும். மாசக்கணக்கில் அன்பாப் பேசுவாங்க. பிறகு ஒரு ஆப்பில் பணம் போடச் சொல்வாங்க. லாபம் ஏறுற மாதிரி காட்டும். எடுக்கப் போனா, 'வரி கட்டு'ன்னு இன்னும் கேட்கும். ஆப்பே பொய்!

செய்யறவங்க கம்போடியா, மியான்மர் பக்கம் இருக்காங்க. அங்கே உட்கார்ந்து மெசேஜ் அனுப்புறவங்களில் பலர் வேலைன்னு ஏமாத்திக் கூட்டிப் போய் அடைச்சு வைக்கப்பட்டவங்க. 2022-ல் நம்ம தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் மியான்மரிலிருந்து மீட்கப்பட்டு வந்தாங்களே!

ஒரு மாவட்டக் கோர்ட்டில் நின்று இதைத் தடுக்க முடியாது என்று, 2024 கடைசியில் அந்த அம்மா வேலையை விட்டார். 'ஆபரேஷன் ஷாம்ராக்' என்ற அமைப்பை நடத்தி, போலீஸ், பேங்க், பொதுமக்கள் எல்லாரையும் சேர்த்து வேலை செய்கிறார். ஏமாந்தவரைக் குற்றம் சொல்லாதீங்க என்பதுதான் அவர் ஊர் ஊராகச் சொல்வது.

இது நமக்கும் பொருந்தும். எங்க பக்கத்து ஊர் அக்கா ஒருத்தர், நகை அடகு வெச்ச பணம் போயும் நாலு நாள் வாயைத் திறக்கல. வீட்டில் திட்டுவாங்கன்னு பயம். அந்த நாலு நாளில் பணம் எத்தனை கணக்கு மாறியிருக்கும்? உடனே 1930-க்குப் போன் பண்ணியிருந்தா, கணக்கை முடக்க வழி இருந்திருக்கும்.

நம்ம குழுவில் பத்து ரூபாய் எடுத்தாலும் எல்லார் முன்னாடியும் தீர்மானம் எழுதித்தான் எடுக்கிறோம். திருடனுக்கு வேண்டியது ரகசியம். அதனால வாராவாரம் கூட்டத்தில், 'யாராவது போனில் பணம் கேட்டாங்களா?'ன்னு ஒரு வார்த்தை கேட்போம். ஏமாந்த அக்கா சொன்னா, திட்டாம முதல்ல 1930-ஐ அழுத்திக் கொடுப்போம்.