எண்ணிக்கையும் பெறுமதியும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)

சத்திரசிகிச்சைத் துறையில் ஆராய்ச்சி செய்யும் ஒரு வைத்தியரின் பெருமையை எதைக்கொண்டு அளப்பது என்பது பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். பல்கலைக்கழகத்திற் படிக்கும் எங்களுக்கு இது வெறும் வாதப் பொருளன்று. நாளை எங்கள் உத்தியோக உயர்வு இந்த அளவுகோலைப் பொறுத்திருக்கும். நோயாளரின் உயிரும் அதனோடு தொடர்புடையது.

இன்று வழங்கும் அளவுகோல் இதுதான்: ஒருவர் எத்தனை கட்டுரைகளை வெளியிட்டார், பிற அறிஞர் அவற்றை எத்தனை முறை எடுத்துக்காட்டினர் என்று எண்ணுதல். அமெரிக்கரான யூஜின் கார்பீல்ட் மேற்கோள் அட்டவணை ஒன்று வேண்டுமென 1955இல் எழுதினார். 1964இல் அது வெளிவந்தது. ஒரு கருத்து எங்கிருந்து எங்கே சென்றதெனத் தேடிக் காணவும், பிழையான கட்டுரைகளை அறிந்து ஒதுக்கவும் அது உதவும் என்பது அவர் எண்ணம். 2005இல் ஹிர்ஷ் என்னும் பௌதிகவியலாளர் ஒரு சுட்டெண்ணை வகுத்தார். ஒருவரின் 20 கட்டுரைகள், ஒவ்வொன்றும் 20 முறையாவது எடுத்துக்காட்டப்பட்டிருந்தால், அவருடைய சுட்டெண் 20. தேடுவதற்கென்று பிறந்த கருவி இவ்வாறு ஆளை நிறுக்கும் தராசாயிற்று.

இத்தராசிலே இருவரை வைத்துப் பார்ப்போம்.

டெனிஸ் பேர்க்கிற் அயர்லாந்திற் பிறந்தவர். உகண்டாவின் தலைநகரான கம்பாலாவிலே சத்திரசிகிச்சை வைத்தியராய் இருந்தவர். 1957இல் தாடையின் இருபுறமும் கட்டி வளர்ந்த ஒரு குழந்தையைக் கண்டார். சில வாரங்களின் பின் வேறோர் ஊர் வைத்தியசாலையிலும் அவ்வாறே ஒரு குழந்தையைக் கண்டார். ஆராய்ந்து, 1958இல் பிரித்தானிய சத்திரசிகிச்சைச் சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். அதனைக் கவனித்தவர் சிலரே. 1960இல் அவருடைய மேற்கோள்களை யாராவது எண்ணியிருந்தால், "இவர் சாதாரணர்" என்றே தீர்ப்புச் சொல்லியிருப்பார்.

அவரோ தம் வேலையை விடவில்லை. 1961இல் இரு நண்பர்களுடன் பழைய மோட்டார் வண்டியொன்றில் ஏறக்குறைய 10,000 மைல் பிரயாணஞ்செய்து, எவ்வெவ்விடங்களில் இந்நோய் உண்டு, எங்கே இல்லை என்று வைத்தியசாலை தோறும் விசாரித்தார். அவ்வாண்டு மார்ச்சில் அவர் லண்டனில் நிகழ்த்திய பேச்சைக் கேட்டவர்களுள் அன்ரனி எப்ஸ்ரீன் என்னும் ஆராய்ச்சியாளரும் ஒருவர். கம்பாலாவிலிருந்து விமானத்தில் வந்த கட்டித் துண்டுகளை ஆராய்ந்த அவரும் தோழரும், மனிதரிற் புற்றுநோயோடு தொடர்புடைய முதல் வைரசை 1964இல் உலகுக்கு அறிவித்தனர். இன்று அந்நோய்க்கே பேர்க்கிற்றின் பெயர் வழங்குகிறது. மருந்தினாற் குணப்படுத்தக்கூடிய நோயாகவும் அது ஆகிவிட்டது. பெயரே வழக்காகிவிட்டமையால் நோயைப் பற்றி எழுதுவோர் பலர் அந்த மூலக் கட்டுரையைக் குறிப்பிடுவதுமில்லை. அந்தப் பெருமை எந்த அட்டவணையிலும் ஏறாது.

மற்றவர் பாவுலோ மக்கியாரினி. சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் புகழ்பெற்றிருந்த சத்திரசிகிச்சை வைத்தியர். செயற்கையாகச் செய்த மூச்சுக்குழாயை மனிதருக்குப் பொருத்தியதாக 2011இல் லான்செற் சஞ்சிகையில் எழுதினார். உலகம் வியந்தது, மேற்கோள்கள் பெருகின. அங்கே அவரிடம் அச்சிகிச்சை பெற்ற மூவரும் பின்னர் இறந்தனர். 2014இல் அவ்வைத்தியசாலையின் வைத்தியர் நால்வர், கட்டுரைகளில் எழுதியிருந்ததை நோயாளரின் பதிவேடுகளோடு ஒப்பிட்டு முறையிட்டனர். 2015இல் நிறுவனத்தின் தலைவர் மக்கியாரினி குற்றமற்றவர் என்றார். 2016இல் அவரே பதவி விலக நேர்ந்தது. 2018இல் லான்செற் அக்கட்டுரையை மீட்டுக்கொண்டது. 2023இல் சுவீடன் மேல்நீதிமன்றம் மக்கியாரினிக்கு இரண்டரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

நண்பர்களே, அந்த நால்வரும் மேற்கோள்களை எண்ணவில்லை, பதிவேட்டை வாசித்தார்கள். புகழ்ந்து எடுத்துக்காட்டினாலும் கண்டித்து எடுத்துக்காட்டினாலும் அட்டவணைக்கு ஒன்று ஒன்றுதான். நோயாளி வீடு திரும்பினாரா என்று அது கேட்பதில்லை. அதைக் கேட்க வேண்டியவர்கள் நாமே.

ஆதலால் ஒரு கட்டுரையை மதிக்குமுன் அதை வாசிப்போம். அதிலே சொல்லப்பட்ட நோயாளருக்குப் பின்னர் என்ன நேர்ந்தது என்று விசாரிப்போம். பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் பிள்ளைகளிடம் எத்தனை கட்டுரை, எத்தனை பட்டம் என்று கேட்கும்போது, அதனால் யாருக்கு என்ன நன்மை விளைந்தது என்றும் ஒருமுறை கேளுங்கள். அக்கேள்வி எங்களை நேரிய வழியில் நிறுத்தும்.