முகத்தில் படரும் மங்கு

தமிழகத்தை விட்டுத் தில்லி, கான்பூர், நாகபுரி போன்ற நகரங்களில் குடியேறிய நம்மவர்க்குக் குளிர்காலத்து வெயில் பெரும் பேறு. மொட்டைமாடியில் பாய் விரித்து, பச்சைப்பட்டாணி உரித்தவாறே நண்பகல் முழுவதும் வெயில் காயும் வழக்கத்தை வந்த ஆண்டிலேயே கற்றுக்கொண்டுவிடுகிறோம். வெயில் இதமானதுதான். ஆயினும் கன்னத்திலும் நெற்றியிலும் மேலுதட்டிலும் பழுப்பு நிறமாகப் படரும் மங்கு என்னும் கருந்திட்டு முற்றுவதற்கு அதுவும் துணைசெய்கிறது.

மங்கு தொற்றுநோயன்று, இரத்தக் கெடுதியுமன்று. தோலுக்கு நிறந்தரும் மெலனின் என்னும் பொருள் சிற்சில இடங்களில் அளவுமீறித் திரள்வதே அது. கருவுற்ற காலத்திலும், கருத்தடை மாத்திரை உண்ணும் காலத்திலும் பெண்களுக்குத் தோன்றுவதுண்டு. குடும்பவழியாக வருவதும், ஆடவரைப் பற்றுவதும் உண்டு. கருப்பேற்றின் பின் சிலருக்குத் தானே மங்கிவிடும். காரணம் எதுவாயினும் வெயில் பட்டால் கறுப்பு மிகும். பேருந்தின் சன்னற் கண்ணாடியை ஊடுருவி வரும் புறஊதாக் கதிர்களும், கண்ணுக்குப் புலனாகும் ஒளியுமேகூட அதனை வளர்க்கும். ஆகவே குடை, முக்காடு இவற்றோடு, எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட வெயில்காப்புக் களிம்பும் வேண்டும். வெளியே நின்றால் இரண்டு மணிக்கொருமுறை மீண்டும் பூசுதல் அவசியம். இரும்பு ஆக்ஸைடு கலந்து தோல்நிறமாக வரும் வகையே மங்குக்கு மேலானது. ஏனெனில் அது கட்புலனாகும் ஒளியையும் தடுக்கும். எலுமிச்சைச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலிற் சென்றாலோ, புதுத் திட்டே உண்டாகக்கூடும்.

நாம் பெரிதும் அஞ்சுவது மங்கையன்று. அதற்கென வாங்கும் களிம்பையே. பெண் பார்க்க வரும் நாள் நெருங்கியதும், பக்கத்து வீட்டார் பரிந்துரைத்த குழாயொன்றை மருந்துக்கடையில் வாங்கி விடுகிறோம். சில நாட்களில் முகம் வெளுக்கிறது. வீட்டில் அனைவர்க்கும் மகிழ்ச்சி. அக்குழாய்கள் பலவற்றில் ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின் என்பவற்றோடு ஸ்டீராய்டு மருந்தும் கலந்திருக்கும். இத்தகைய முக்கூட்டினை 1975-இல் அமெரிக்க மருத்துவர்களான கிளிக்மனும் வில்லிஸும் விவரித்தனர். மருத்துவர் கண்காணிப்பில், சில வாரங்கள் மட்டும் பூசினால் அது பயன்தரும் மருந்தே. மாதக்கணக்கில் பூசினாலோ தோல் மெலியும்; நுண்ணிய இரத்தக்குழாய்கள் சிவந்து தெரியும்; பருவும் மயிரும் முளைக்கும். நிறுத்தினாலும் விடுவதில்லை, முகம் எரிந்து சிவக்க, மங்கு முன்னிலும் கருமையாகத் திரும்பக்கூடும்.

இதன்பொருட்டே 2018-இல் மத்திய அரசு ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகள் பலவற்றை, மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத ‘எச்’ அட்டவணையில் சேர்த்தது. அரசாணைகளை மொழிபெயர்த்தே பொழுது கழிக்கும் நாம் அறிந்த உண்மை ஒன்றுண்டு: ஆணை எம்மொழியில் இருப்பினும் கடைக்காரரின் மேசைவரை நடந்துசெல்லாது. சீட்டை நாமேதான் கேட்டுப் பெறவேண்டும். உட்பொருள் குறிக்கப்படாத வெளுப்புக் களிம்புகளை அறவே தவிர்க்கவேண்டும். அவற்றிற் சிலவற்றிலுள்ள பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

தோல் மருத்துவர் தரும் சிகிச்சை பல மாதங்கள் செல்லும். கருவுற்றிருப்போர் அதனை அவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்; டிரெட்டினாயின் போன்றவை அப்போது ஆகா.

கழுத்தின் பின்புறமும் அக்குளும் கறுத்துத் தடித்து, வெல்வெட்டுத் துணிபோல் இருப்பின் அது மங்கன்று. அழுக்கென்றெண்ணிப் பீர்க்கங்கூட்டால் தேய்ப்பது வீண். இரத்தச் சர்க்கரையைச் சோதித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.