பேராயர் கேட்ட மலிவான பெட்டி

தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டூ 2021 டிசம்பர் 26-இல், 90 வயதில் காலமானார். நோபல் பரிசு பெற்றவர். ஆடம்பரமாக வழியனுப்ப நாடே தயார். அவரோ, இருப்பதிலேயே மலிவான பெட்டி போதும் என்று முன்பே சொல்லிவைத்திருந்தார். வந்தது சாதாரண பைன் மரப்பெட்டி, கைப்பிடிக்குக் கயிறு!

உடலை எரிக்கவும் இல்லை. அக்வாமேஷன் முறை. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்த சூடான நீரில் சில மணி நேரத்தில் சதை கரைந்துவிடும். மிஞ்சும் எலும்பை உலர்த்திப் பொடியாக்கினால் அஸ்தி. புகை கிடையாது, எரிசக்தியும் தகனத்தைவிடக் குறைவு.

இறுதிச் சடங்கில் மட்டுமல்ல, இறப்பிலும் டூட்டூவுக்குத் தனி விருப்பம் இருந்தது. தீராத நோயுள்ளவர்களுக்கு மருத்துவ உதவியோடு விடைபெறும் உரிமை வேண்டும், தனக்கும் அந்த வாய்ப்பு வேண்டும் என்று 2016-இல், 85-ஆம் பிறந்தநாளையொட்டி எழுதினார். ஒரு பேராயர் இப்படி எழுதியதுதான் விசேஷம். அவர் கண்மூடும்வரை அந்த நாட்டுச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை.