மரத்துக்கு இடம் விடுங்கள்



வெளி மாநிலத்தில் வாழ்கிறவர்களுக்கு ஓய்வு நேரம் ஒரு விசித்திரமான செல்வம். வேலை நாட்களில் அது போதவில்லை என்று குறைப்படுகிறோம். ஞாயிற்றுக்கிழமை வந்தாலோ, அதை எப்படிச் செலவிடுவது என்று திகைக்கிறோம். ஊரில் திண்ணை உண்டு, குளக்கரை உண்டு, உறவினர் வீடுகள் உண்டு. இங்கே நான்கு சுவர்கள்தாம் உண்டு. அந்தத் திகைப்புக்கு எனக்குத் தற்செயலாகக் கிடைத்த மருந்தைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன். அழகிய சிறு மரப்பெட்டிகளைக் கையால் செய்யும் பழக்கமே அந்த மருந்து. ஒரு குற்றத்தைச் செய்துவிட்டு, அதற்குப் பரிகாரமாகத்தான் அதைக் கற்றுக்கொண்டேன்.

என் தாயார் மறைந்தபின் கும்பகோணத்து வீட்டைக் காலி செய்தோம். எனக்குப் பங்காக வந்தது ஒரு தேக்குமரப் பெட்டி. அதில் நகை ஏதும் இருந்ததில்லை. வீட்டுப் பத்திரங்களும், எங்கள் ஜாதகங்களும், நான் தில்லியிலிருந்து எழுதிய கடிதங்களுமே இருந்தன. ஓர் ஆகஸ்டு மாதத்தில் அதைத் தில்லிக்குக் கொண்டு வந்தேன். துடைத்து வைக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். மூடியின் நடுப்பலகை அதைச் சுற்றியுள்ள சட்டத்தோடு இறுகப் பொருந்தியிருக்கவில்லை. விரலால் அழுத்தினால் சற்றே அசைந்தது. ‘பழைய பெட்டி, பசை விட்டுப் போயிற்று’ என்று முடிவு செய்தேன். மூடியின் அடிப்புறத்தில் குறுக்காக ஒரு மரத்துண்டை வைத்து, பசை தடவி, ஆணியும் அடித்தேன். அசைவு நின்றது. என் கைத்திறனை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த மே மாதம், அனற்காற்று வீசிய ஓர் இரவில், அறையில் ‘படீர்’ என்று ஓர் ஓசை கேட்டது. விளக்கைப் போட்டுப் பார்த்தால், மூடிப்பலகை நடுவில் நீளவாக்கில் பிளந்திருந்தது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் காவிரிக்கரையில் பழுதின்றி இருந்த பொருள் என்னிடம் ஓர் ஆண்டுகூடத் தாங்கவில்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

எங்கள் குடியிருப்புக்கு அருகில் சிறிய பட்டறை வைத்திருந்த சஹரான்பூர்த் தச்சர் ஒருவரிடம் அதைக் கொண்டு சென்றேன். தில்லிக்கு வடக்கே, உத்தரப் பிரதேசத்தில் உள்ள சஹரான்பூர் மரச் சித்திர வேலைக்குப் புகழ்பெற்ற நகரம் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அவரை எல்லோரும் ‘உஸ்தாத்’ என்றே அழைப்பார்கள். அவர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார்; நான் அடித்த ஆணிகளைப் பார்த்தார்; பிறகு என்னைப் பார்த்தார். “பாபுஜி, இதைச் செய்தவன் பெரிய கைகாரன். பலகை மூச்சுவிட இடம் விட்டிருந்தான். அந்த மூச்சை நீங்கள் அடைத்துவிட்டீர்கள்” என்றார்.

மரவேலையின் முதற்பாடத்தை அன்றுதான் கற்றேன். வெட்டி, அறுத்து, பல ஆண்டுகள் உலர்த்திய பின்னும் மரம் அசைந்துகொண்டே இருக்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் அதை உறிஞ்சி விரிகிறது. ஈரம் குறைந்தால் இழந்து சுருங்குகிறது. இந்த மாறுதல் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவில் நிகழ்வதில்லை. இழையோடும் நீளவாக்கில் மரம் ஏறக்குறைய மாறுவதே இல்லை எனலாம். குறுக்குவாக்கில், அதாவது அகலத்தில்தான் மாறுகிறது. அதிலும், அடிமரத்தின் வளையங்களை ஒட்டிய திசையில் ஏற்படும் மாற்றம், மையத்திலிருந்து பட்டையை நோக்கிச் செல்லும் திசையில் ஏற்படுவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. தேக்கு மற்ற மரங்களைவிட அடக்கமானது. ஆயினும் 20 சென்டிமீட்டர் அகலமுள்ள தேக்குப் பலகை, தில்லியின் மழைக்கால ஈரத்திலிருந்து மே மாத வறட்சிக்குப் போகையில் 3 மில்லிமீட்டர் வரை சுருங்கக்கூடும். நான் ஆணியால் தடுத்தது அந்த 3 மில்லிமீட்டரைத்தான். சுருங்க வழியில்லாத பலகை பிளந்தது.

இதனால்தான் நல்ல பெட்டியின் மூடியில் நடுப்பலகையைச் சட்டத்தோடு ஒட்டுவதில்லை. சட்டத்தின் உட்புறம் காடி எடுத்து, அதற்குள் பலகையின் ஓரங்களைப் பசையின்றிச் செருகி விடுகிறார்கள். பலகை அங்கே விரியலாம், சுருங்கலாம். சட்டத்துக்கு ஊறு நேர்வதில்லை. நான் குறையென்று கருதியது, செய்தவனுடைய அறிவின் அடையாளம்.

“இதை நானே சரிசெய்ய முடியுமா?” என்று கேட்டேன். “முதலில் நான்கு பெட்டி செய்யுங்கள், பிறகு இதில் கை வைக்கலாம்” என்றார் உஸ்தாத். ஞாயிறுதோறும் அவர் பட்டறைக்குச் செல்வது அப்படித்தான் தொடங்கியது.

இந்தக் கலையைத் தொடங்கப் பெரும் பொருள் தேவையில்லை. நுண்ணிய பற்களையுடைய ஒரு சிறு ரம்பம், ஓர் இழைப்புளி, 6 மில்லிமீட்டரும் 12 மில்லிமீட்டரும் அகலமுள்ள இரண்டு உளிகள், ஒரு மூலைமட்டம், கோடு கிழிக்க ஒரு கூரிய கத்தி, ஒரு கொட்டாப்புளி. இவை போதும். பசை காயும்வரை பெட்டியை இறுக்கிப் பிடிக்க, பழைய சைக்கிள் டியூபை நீள நாடாக்களாக வெட்டிச் சுற்றினாலே போதும். மரத்துக்கு, மரவாடிகளிலும் தச்சுப் பட்டறைகளிலும் ஒதுக்கப்படும் துண்டுகளைக் கேட்டு வாங்கலாம். நன்கு உலர்ந்த தேக்கும், வடக்கே எங்கும் கிடைக்கும் ஷீஷமும் மிக ஏற்றவை. ஷீஷம் நம் ஈட்டி மரத்துக்கு நெருங்கிய உறவு. அதை இழைக்கும்போதும் தேய்க்கும்போதும் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். அதன் தூசி சிலருக்குத் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமை உண்டாக்கும்.

முதற்பெட்டி 20 சென்டிமீட்டர் நீளம், 12 சென்டிமீட்டர் அகலம் என்ற அளவைத் தாண்ட வேண்டாம். நான்கு பக்கங்களையும் ஒரே பலகையிலிருந்து வரிசையாக அறுத்தெடுத்து, அதே வரிசையில் சேர்த்தால், மரத்தின் வரிகள் மூலையைச் சுற்றித் தொடர்ந்து ஓடும். மற்றோர் உபாயமும் உண்டு. பெட்டியையும் மூடியையும் தனித்தனியே செய்தால் அவை பொருந்துவது அரிது. ஆகவே ஆறு பக்கமும் மூடிய பேழையாகவே முதலில் ஒட்டிவிட்டு, பசை காய்ந்தபின் சுற்றிலும் கோடு கிழித்து, மூடியை ரம்பத்தால் அறுத்துப் பிரிக்க வேண்டும். ஒரே உடம்பிலிருந்து பிறந்தவையாதலால் இரண்டும் இணைந்தே நிற்கும்.

மூலைகளே கற்பவனின் பொறுமையைச் சோதிப்பவை. ஒவ்வொரு பக்கத்தின் இரு முனைகளையும் 45 பாகையில் சாய்த்து அறுக்க வேண்டும். நான்கு பக்கங்களுக்கு எட்டு வெட்டுகள். ஒவ்வொன்றிலும் அரைப் பாகை தவறினால் கடைசி மூலையில் நான்கு பாகை இடைவெளியாக அது வாயைத் திறக்கும். என் முதற்பெட்டி அவ்வாறுதான் என்னைப் பார்த்துச் சிரித்தது. மேலும், இவ்வகை மூலையைப் பசை மட்டும் நெடுநாள் தாங்காது. மரத்தின் வெட்டுமுனை பசையை உறிஞ்சிவிடும். எனவே மூலையின் குறுக்கே ரம்பத்தால் மெல்லிய வெட்டுகள் இட்டு, வேறு நிறமுள்ள மரத்தின் மெல்லிய சில்லுகளை அவற்றில் ஒட்டிச் சீவி விடுவார்கள். பார்ப்பவர் அதை அலங்காரம் என்பார். உண்மையில் அது பெட்டியின் எலும்பு.

இரண்டாவது பெட்டியை ஒரு மே மாதத்தில் செய்தேன். மூலைகள் நன்றாக அமைந்தன. ஆனால் மூடிப்பலகையைக் காடிக்குள் இடைவெளி சிறிதுமின்றி இறுக்கமாகப் பொருத்திவிட்டேன். ஆகஸ்டு மழையில் அது விரிந்து, ஒட்டியிருந்த மூலையை நெட்டித் தள்ளித் திறந்தது. முதலில் சுருங்க இடமளிக்காத நான், இப்போது விரிய இடமளிக்கவில்லை. கோடையில் செய்யும் பெட்டியில் காடிக்குள் சற்றே இடைவெளி வேண்டும்; மழைக்காலத்தில் செய்வதில் பலகையின் ஓரம் காடிக்குள் ஆழமாகப் போயிருக்க வேண்டும். பருவத்தைப் பார்த்து உழவன் விதைப்பதுபோல், பருவத்தைப் பார்த்தே தச்சனும் பொருத்துகிறான்.

மெருகிடுவதிலும் இதே நியாயந்தான். உப்புத்தாளால் இழையின் போக்கிலேயே தேய்த்தபின், செதில் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப்பொட்டலத்தால் மெல்லிய பூச்சுகளாகப் பூசலாம். ஜார்க்கண்டு மாநிலத்தில் வாழும் நேயர்களுக்கு அந்த அரக்கு உள்ளூர்ச் சரக்கு. பூச்சை வெளிப்புறத்தில் மட்டும் இட்டு உட்புறத்தை விட்டுவிடலாகாது. ஒரு பக்கம் ஈரம் புகுந்து மறுபக்கம் புகாவிடில் பலகை வளைந்துவிடும். ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்கள் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால், அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்து வெளியே காயவைக்க வேண்டும்.

ஆசான் கிடைப்பாரா என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் எந்த மாநிலத்தில் இருந்தாலும் அருகில் ஒரு பெட்டி மரபு இருக்கக்கூடும். மைசூரில் ஈட்டி மரத்தில் பல நிற மரத்துண்டுகளைப் பதிக்கும் வேலை உண்டு. கேரளத்தில் கூம்பிய மூடியும் பித்தளைப் பூணும் கொண்ட ஆமாடப்பெட்டி உண்டு. காஷ்மீரத்தில் வால்நட் மரச் செதுக்கு வேலை உண்டு. சஹரான்பூரில் ஷீஷத்தில் பித்தளைத் தகட்டைப் பதிக்கிறார்கள். பஞ்சாபில் ஹோஷியார்பூர்க் கைவினைஞர்கள் முன்னர்த் தந்தம் பதித்து வந்தனர். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986, 1991 ஆகிய ஆண்டுகளில் செய்த திருத்தங்களால் தந்த வாணிகம் நின்றது. அவர்கள் தந்தத்தை விட்டுப் பிளாஸ்டிக்கைப் பதித்துத் தம் கலையைக் காத்துக்கொண்டனர். இத்தகைய பட்டறை ஒன்றின் வாயிலில் போய் நின்று, ஆவலோடு கவனித்துப் பாருங்கள். மொழி தடையாவதில்லை. உளி பேசும் மொழியைக் கண் விரைவிலேயே கற்றுக்கொள்கிறது.

நான்காவது பெட்டி முடிந்தபின், தாயார் பெட்டியை உஸ்தாத் என் முன் வைத்தார். ஆணிகளைப் பிடுங்கி, நான் ஒட்டிய துண்டைச் சீவி எடுத்தேன். சட்டம் பழைய வச்சிரப் பசையால் ஒட்டியது. வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்ததும் பசை இளகி மூட்டுகள் பிரிந்தன. பிளவின் இரு ஓரங்களையும் இழைத்து நேராக்கியதில் பலகை 6 மில்லிமீட்டர் குறைந்துபோயிற்று. “இதற்கு ஒத்த பழைய தேக்கு எங்கே கிடைக்கும்?” என்று கவலைப்பட்டேன். உஸ்தாத் தம் மூலையிலிருந்து ஒரு ஷீஷத் துண்டை எடுத்து நீட்டினார். அதை மெல்லிய பட்டையாகச் சீவி, இரண்டு தேக்குத் துண்டுகளுக்கும் நடுவே வைத்து ஒட்டினேன். மூன்றும் சேர்ந்து ஒரே பலகையாயிற்று. அந்தப் பலகையைச் சட்டத்தின் காடிக்குள் பசையின்றிச் செருகினேன்.

பொன்னிறத் தேக்கின் நடுவே கருஞ்சிவப்பாக ஒரு கோடு இப்போது ஓடுகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதை அழகுக்காக வைத்தது என்றே எண்ணுகிறார்கள். நான் மறுப்பதில்லை. அதன்பின் கோடைகள் பல வந்து போயின; புதிய பிளவு ஏதும் இல்லை.

இன்றும் ஆகஸ்டு மாதத்தில் மூடியை விரலால் அழுத்திப் பார்ப்பேன். பலகை சற்றே அசையும். முன்பு என்னை ஆணி எடுக்கத் தூண்டிய அந்த அசைவு, இப்போது எனக்கு ஆறுதல் தருகிறது. உள்ளே நான் எழுதிய கடிதங்கள் அப்படியே இருக்கின்றன.