பத்தில் ஒரு விநாடி

கருவிகளுக்குள் அடங்கிக் கிடக்கும் சிறு கணிப்பொறிகளுக்கும் காலக்கணக்கு உண்டு. அவற்றின் கடிகாரம் எத்துணை நுண்ணிதாக எண்ணுகிறது என்பது ஒன்று. எண்ணியது மெய்யான காலத்தோடு பொருந்துகிறதா என்பது வேறொன்று. இரண்டையும் ஒன்றெனக் கொள்வோர் பலர்.

1991ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள் சவூதி அரேபியாவின் தஹ்ரானில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். அங்கே காவலிருந்த பேட்ரியட் ஏவுகணைக் கருவியின் கணிப்பொறி, தான் இயங்கத் தொடங்கியது முதல் கழிந்த காலத்தைப் பத்தில் ஒரு விநாடி வீதம் எண்ணி வந்தது. அவ்வெண்ணிக்கையை விநாடிகளாக்கப் பத்தில் ஒன்றால் பெருக்கவேண்டும். நமக்கு எளிய பின்னமாகிய இது, இரண்டின் அடுக்குகளால் எண்ணும் பொறிக்கு முடிவின்றி நீள்வது. மூன்றில் ஒன்றை நாம் தசமத்தில் எழுத முயல்வதைப் போன்றது. அதனை 24 இரும இலக்கங்களுக்குள் அடக்கி, எஞ்சியதை வெட்டிவிட்டனர். வெட்டுண்டது ஏறத்தாழ விநாடியின் கோடியில் ஒரு பங்கு. இதனால் என்ன வந்துவிடும் என்றுதான் எவருக்கும் தோன்றும்.

கருவியோ 100 மணி நேரத்திற்கு மேல் ஓய்வின்றி இயங்கியிருந்தது. அச்சிறு குறை 36 இலட்சம் முறை சேர்ந்து, 0.34 விநாடியாயிற்று. அதற்குள் ஸ்கட் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். ராடார் வெற்றிடத்தைத் தேடிற்று. 28 அமெரிக்கப் போர்வீரர் மாண்டனர்.

கருவியை நிறுத்தி மீண்டும் இயக்கினால் எண்ணிக்கை சுழியிலிருந்து தொடங்கும். சேர்ந்த பிழையும் அற்றுப்போகும். மிக நெடுநேரம் இயக்கினால் பிழை நேரக்கூடும் என்று நான்கு நாள் முன்னரே படைகளுக்குச் செய்தி போயிருந்தது. எத்தனை மணி நேரம் நெடுநேரம் என்பது மட்டும் அதில் இல்லை. திருத்திய நிரல் மறுநாள் தஹ்ரான் வந்து சேர்ந்தது.