புகைப்படமும் பொறுமையும்



பல ஆண்டுகள் டிஜிட்டல் காமிராவில் படம் எடுத்துப் பழகிய நான், இப்பொழுது பழைய பிலிம் காமிரா ஒன்றைக் கையில் எடுத்திருக்கிறேன். புதியதை விட்டுப் பழையதற்குத் திரும்புவானேன் என்று நண்பர்கள் கேட்கின்றனர். அதற்குரிய விடையே இன்றைய என் பேச்சு.

பிலிம் என்பது யாது? மெல்லிய தகட்டின்மீது ஜெலட்டின் பூசி, அதனுள் வெள்ளி உப்புக்களை நுண்ணிய படிகங்களாகப் பொதித்திருப்பார்கள். ஒளி பட்ட படிகம் மாறுதல் அடைகிறது. ஆயினும் அம்மாறுதல் கண்ணுக்குப் புலனாவதில்லை. இருட்டறையில் உரிய கரைசலில் இட்ட பின்னரே ஒளி பட்ட இடங்கள் கறுக்கின்றன. எஞ்சிய உப்பை 'ஹைப்போ' கரைத்து நீக்குகிறது. ஹைப்போவுக்கு அவ்வாற்றல் உண்டென்று 1819-இல் கண்டவர் ஜான் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அறிஞர்.

இக்கலை நமக்குப் புதியதன்று. 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற படைத்தலைவர் மதுரையைப் படம் எடுத்தார். மெழுகேற்றிய பெரிய காகிதமே அவருக்குப் பிலிம். பின்னாளில் நேப்பியர் பிரபு ஆளுநராயிருந்தபோது பழுது பார்க்கப்பட்ட திருமலை நாயக்கர் மகால், அதற்குமுன் எந்நிலையில் இருந்தது என்பதை அப்படங்களால் அறிகிறோம். நம் உதகமண்டலத்திலேயே 1960-இல் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவப்பட்டது. அதன் 'இந்து' பிலிமை அறியாத ஸ்டூடியோ அந்நாளில் அரிது. டிஜிட்டல் பெருகியபின் அத்தொழிற்சாலை நின்றுபோயிற்று.

எங்கள் ஓடைப்பட்டியில் திராட்சைப் பந்தல்கள் மிகுதி. கவாத்துச் செய்யும் முதியவர் ஒருவரை முன்பு டிஜிட்டல் காமிராவில் நாற்பது படங்கள் எடுத்திருக்கிறேன். அண்மையில் பிலிமில் எடுக்கச் சென்றேன். ஒரு சுருளில் 36 படங்களே உண்டு. நல்ல வெயிலில், 100 வேகமுள்ள பிலிமுக்குத் துளையளவு 16, நேரம் நொடியில் 125-இல் ஒரு பங்கு என்பது பொது விதி. பந்தலின் நிழலில் அது பொருந்தாது, துளையைப் பெரிதாக்கவேண்டும். ஒளியை அளந்துகொண்டு அரைமணி நேரம் நின்றேன். அப்பொழுதுதான் கண்டேன்: ஒவ்வொரு கொடியிலும் விரலை வைத்துக் கண்களை எண்ணிய பின்னரே அவர் கத்தரியை வைக்கிறார். தவறி வெட்டிய கொடியில் அப்பருவத்துக் காய் இல்லை. நான் எடுத்தது இரண்டே படங்கள். பிலிம் கழுவி வர இரண்டு வாரம் ஆயிற்று. எனினும் அந்த விரலை என் மனம் அன்றே பதிந்துகொண்டது.

டிஜிட்டலை நான் பழிக்கவில்லை. செய்தி விரைவாகச் செல்லவும், செலவின்றிப் பயிலவும் அதுவே ஏற்றது. ஆனால் ஆயிரம் படம் எடுத்து ஒன்றையும் உற்றுப் பாராதிருப்பது காட்சியை இழப்பதேயாகும்.

பிலிம் வாங்க உங்களால் இயலாதிருக்கலாம். கைப்பேசியே போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை 36 படங்களுக்குமேல் எடுப்பதில்லை என்று உறுதி கொள்ளுங்கள். மாலைவரை அவற்றைத் திறந்து பாராதீர்கள். உங்கள் ஊரில் இதுவரை காணாத ஒன்றையேனும் அன்று காண்பீர்கள்.